நான்கு நிமிட முதுகு

அவர் உயரம்தான் எனக்கும். ஐந்தடி பதினொன்று.
அது போதுமாம்.
அல்கூஸில் டைல்ஸ் கிடங்குக்குக் கணக்கெழுதுகிறவனை
ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு
வேனில் ஏற்றி பாம் ஜுமைராவில் இறக்கினார்கள்.
நாளுக்கு இருநூற்றைம்பது திர்ஹம், மதியம் பிரியாணி.
வேலை:
சார் வரும்வரை சாராக உட்கார்ந்திருப்பது.

விளக்குகளுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது,
யாருடையதானாலும்.

கட்டில் விளிம்பில் உட்கார். உட்கார்ந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் கடலைப் பார். பார்த்தேன்.
"எதையும் காட்டாதீங்க பாய், சும்மா இருங்க,
இது மெதுவான படம்" என்றார் டைரக்டர்.
பத்தொன்பது வருட துபாயில்
சும்மா இருக்கக் காசு கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

கதை என்று பெரிதாக இல்லை.
கல்யாண வீடுகளில் காசுக்கு ஆட வரும் பெரிய நடிகர்,
மூன்று நாள் கூடவே வரும் மகள்.
மகளாக நடித்தவள் அமிழ்தினி, ஷார்ஜாவில் நாலாம் வகுப்பு.
தமிழ் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில்
உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள்.
சார் தாமதமான ஒவ்வொரு மணிக்கும்
என்னோடு ஒத்திகை பார்த்தாள்.
"அப்பா, நாளைக்கும் நீங்க இருப்பீங்களா?"
எனக்கு வசனம் கிடையாது.
இருபத்தாறு முறை கேட்டாள்.
இருபத்தாறு முறையும் கடலைப் பார்த்தேன்.

அடுத்த அறையில் சார்
ஷூவைக் கழற்றாமல் படுத்து
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவருக்கென்று சூடாக்கிய நீச்சல்குளம்
யாரும் இறங்காமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
பொன்துகள் தூவிய காப்பி மூன்று கோப்பை, ஆறிப்போய்.
தலைக்குத் தோல்குல்லாய் மாட்டிய ஒரு வல்லூறு,
மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
எதற்கென்று அதைக் கையில் ஏந்திவந்த
பலூச்சிக்காரருக்கும் தெரியவில்லை.
மேசையில் சாருடைய போன் அதிர்ந்தது.
உதவியாளர் எடுத்தார், குரலைத் தாழ்த்தி:
"தம்பி, அப்பா ஷாட்ல இருக்காங்க."

ஷாட்டில் நான் இருந்தேன்.

பதினொன்றரைக்கு வந்தார். ஒரே டேக்.
நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்தவர்
என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:
"சூடா இருக்கே."

அன்று ராத்திரி காயல்பட்டினத்திலிருந்து நவ்ஃபல்,
அறைச் சுவரெல்லாம் சாரை ஒட்டிவைத்திருப்பவன்,
மூச்சுவிடாமல் கேட்டான்:
"உங்கள்ட்ட பேசுனாரா வாப்பா? என்ன சொன்னாரு?"
நன்றாகப் படிக்கச் சொன்னார் என்றேன்.

கடைசி நாள் சாயங்காலம்
குளத்தங்கரையில் வெளிச்சம் சரிபார்த்தார்கள்.
சாருடைய கிளிப்பச்சைச் சட்டை எனக்கு.
கால் தண்ணீரில், முகம் கடலுக்கு.
பக்கத்தில் உட்கார்ந்த அமிழ்தினி
காலையிலிருந்து விழித்த அலுப்பில்
என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.
கட் என்று யாரும் சொல்லவில்லை.
கேமரா ஓடுவதே எனக்குத் தெரியாது.
வாயில் பிளந்திருந்த பிரியாணி ஏலக்காயை
மெல்லாமல் வைத்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஷார்ஜாவில் ரெண்டாம் ஆட்டம்.
பதினோரு பேர். இடைவேளைக்குப் பின் நான்கு.
திரை முழுக்க என் முதுகு,
அதில் சாய்ந்த ஒரு சின்னத் தலை.
ஒன்றும் நடக்கவில்லை. நான்கு நிமிடம்.
முன் வரிசையில் ஒருவர் போனை எடுத்து
"இப்ப முடிஞ்சுரும், சோத்தை வை" என்றார்.

நவ்ஃபலைக் கூப்பிட்டேன்.
திருச்செந்தூர் போய் முதல் நாளே பார்த்துவிட்டானாம்.
"மொக்கை வாப்பா. ஒரு ஃபைட்டு இல்ல.
கடைசில ஒரு ஆளு
முதுகையே காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே,
உம்மாவின் கையைப் பிடித்து நின்று,
பெட்டி திரும்பி மறையும்வரை
ஏழு தடவை அவன் பார்த்த முதுகு.

அவன்மேல் தப்பில்லை.
சட்டை சாருடையது.